மணல்திட்டில் இறக்கிவிடும் சட்டம்

ஆவுடையார்கோவிலில் வாழ்கிறவர்களுக்கு நரி பரியான கதையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குதிரை வாங்கச் சொல்லிப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னை வாதவூரர் இந்தத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிட்டார். கெடு நெருங்கியதும் இறைவன் நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டிச்சென்றான். இரவில் அவை மறுபடியும் நரிகளாகி, லாயத்தில் நின்ற நல்ல குதிரைகளையும் கடித்துப்போட்டுவிட்டு ஓடின. விடிந்ததும் வாதவூரரை வைகைச் சுடுமணலில் நிறுத்தினார்கள். திருவிளையாடற் புராணத்தில் இந்தப் பகுதியை நடத்திக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"அம்மா, நரியைக் குதிரைன்னு கொண்டாந்து விட்டது வேற ஆளு. அந்த ஆளை ஒருத்தரும் பிடிக்கலையே. கையில கிடைச்சவரைத்தானே வெயில்ல நிறுத்துனாங்க?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் தோப்புக்கொல்லை, லேணாவிளக்கு, அழியாநிலை என்று ஈழத்தமிழர் முகாம்கள் மூன்று உண்டு. அவற்றில் ஒன்றிலிருந்து வருகிறவள் அவள். அங்கேயே பிறந்தவள். அவள் அப்பா பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஆஸ்திரேலியா போகலாம் என்று ஏஜென்டிடம் பணம் கட்டி, படகேறுவதற்கு முன்பே பிடிபட்டார். ஏஜென்டின் கைபேசி அன்று அணைந்தது; பிறகு ஒலிக்கவே இல்லை. நீதிமன்றம் அப்பாவுக்குப் பிணை கொடுத்தது. வெளியே வந்த கையோடு வேறொரு மாவட்டத்தில் இருக்கும் சிறப்பு முகாமில் அடைத்தார்கள்.

பிறகு அவள் அம்மாவைச் சந்தித்தேன். ஓர் அரைக்குயர் நோட்டில் கணக்கு எழுதி வைத்திருந்தார். வக்கீலுக்குக் கொடுத்தது, பஸ்ஸுக்கு, பார்க்கப் போகும்போது வாங்கிப்போகும் பழத்துக்கு, அடகில் இருக்கும் நகைக்கு நூற்றுக்கு மூன்று வட்டி, பார்க்கப் போகிற நாளில் இழந்த கூலி. "ஏஜென்சிக்காரனை ஒருத்தரும் பிடிக்கேல்லை டீச்சர். பிடிபட்டது இவர்தான். சிறையில இருக்கிறது இவர். தண்டனைக்குக் காசு கட்டுறது நான்" என்றார்.

அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுத நினைத்தேன். ஆட்களைக் களவாக எல்லை தாண்டிக் கொண்டுபோகிறவர்களுக்குத் தண்டனையை ஏற்றிக்கொண்டே போனால் அந்தத் தொழில் ஒழியும் என்று அரசுகள் சொல்கின்றன. படித்தவர்களும் தலையாட்டுகிறார்கள். பெண்களையும் குழந்தைகளையும் காப்பாற்றத்தானே என்று பெண்ணியம் பேசும் தோழிகள்கூடச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் மறுக்கிறேன். கூட்டுகிற ஒவ்வோர் ஆண்டுச் சிறையும் ஏஜென்ட் கேட்கும் தொகையில் போய் ஏறுகிறது. அந்தத் தொகையைப் பெண் தன் கழுத்திலிருந்தும் காதிலிருந்தும் கழற்றிக் கட்டுகிறாள். மிச்சச் செலவைப் பொதுப்பணம் கட்டுகிறது. தொழில் மட்டும் அப்படியே இருக்கிறது.

முதலில் இந்தச் சொல்லைப் பார்ப்போம். நான் தமிழ் ஆசிரியை. சொல்லிலிருந்துதான் தொடங்க முடியும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாலும் 'ஆள்கடத்தல்', பெண்ணை ஏமாற்றி விற்றாலும் 'ஆள்கடத்தல்', உயிருக்குப் பயந்தவர் தானே காசு கொடுத்துப் படகேறினாலும் 'ஆள்கடத்தல்' என்றே நம் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. மூன்றும் ஒன்றல்ல. முதல் இரண்டில் அந்த ஆளின் சம்மதம் இல்லை, அல்லது ஏமாற்றிப் பெற்ற சம்மதம். மூன்றாவதில் போகிறவரே போக வேண்டும் என்று நினைத்துப் போகிறார். ஐக்கிய நாடுகள் அவை 2000ஆம் ஆண்டு இவற்றைப் பிரித்து, ஒன்றுக்கு ஓர் உடன்படிக்கை, மற்றொன்றுக்கு வேறோர் உடன்படிக்கை என்று இரண்டு எழுதியது. 2011இல் இந்தியா இரண்டையும் ஏற்றது. நம் மொழி இன்னும் பிரிக்கவில்லை. அதனால்தான் பெண்ணை விற்றவன்மீது நமக்கு வருகிற நியாயமான கோபம், பெண்ணைப் படகில் ஏற்றிவிட்ட மாமன் மகன்மீதும், கடைசியில் படகேறிய பெண்மீதும் போய் விழுகிறது.

இதே கடற்கரைக்கு இன்னொரு சொல்லும் தெரியும்: கள்ளத்தோணி. ஒரு காலத்தில் நம் பக்கத்து அம்மாபட்டினம், தொண்டித் துறைகளிலிருந்து ஏழைச் சனங்கள் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குத் தோணியேறினார்கள். அப்போது வெள்ளைக்காரனுக்குக் கூலி வேண்டியிருந்தது. அது குற்றமாகத் தெரியவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் பிறகு இலங்கையில் 'கள்ளத்தோணி' என்று ஏசினார்கள். 1948இல் குடியுரிமையையும் பறித்தார்கள். அங்கிருந்து ஓடிவந்தவர்களை இன்று இங்கே 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்கிறோம். கடலும் தோணியும் மாறவில்லை. எது குற்றம் என்பது யாருக்குக் கூலி தேவை என்பதைப் பொறுத்து மாறியிருக்கிறது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம், கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் நாட்டுக்குள் வந்தவருக்கு ஐந்தாண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. போலி ஆவணம் என்றால் குறைந்தது இரண்டாண்டு, கூடியது ஏழாண்டு. அபராதம் 1 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை. இந்தத் தண்டனைகள் ஏஜென்டுக்கு மட்டும் உரியவையல்ல. வந்து நிற்கிறவளுக்கும் இவைதான். முகாமில் பதிவுபெற்ற குடும்பத் தலைவருக்கு அரசு தரும் மாத உதவி 2021 முதல் 1,500 ரூபாய். அதில் ஒரு பைசாவும் செலவழிக்காமல் சேர்த்தால் 5 லட்சம் சேர ஏறக்குறைய இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகும். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்த ஈழத்தமிழருக்கு இந்தத் தண்டனைகளிலிருந்து விலக்கு அளித்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் 2022இல் பால்மாவும் மண்ணெண்ணெயும் இல்லாமல் ஓடிவந்தவர்களுக்கு அந்த விலக்கு இல்லை.

2022இல் நடந்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். இலங்கைப் பொருளாதாரம் குலைந்த அந்த மார்ச் முதல் மன்னார்ப் பக்கத்திலிருந்து படகுகள் வரத் தொடங்கின. பலரைப் படகோட்டிகள் தனுஷ்கோடிக் கரைவரை கொண்டுவரவில்லை. அரிச்சல்முனைக்கு அப்பால், நடுக்கடலில் நீளும் மணல்திட்டுகளில் இருட்டோடு இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் தண்ணீரில்லாமல், நிழலில்லாமல் அந்தத் திட்டுகளில் நின்றார்கள். கடலோரக் காவல்படையின் மிதவைக் கப்பலோ நம் மீனவர்களின் கண்ணோ எட்டும்வரை நின்றார்கள். அந்த ஜூன் மாதம் கோதண்டராமர் கோயில் பக்கத்துக் கடற்கரையில் முதிய தம்பதி மயங்கிக் கிடந்தார்கள். அந்த அம்மா பிறகு மருத்துவமனையில் இறந்துபோனார்.

படகோட்டி ஏன் கரைக்கு வரவில்லை? கரையில் பிடிபடுவான். பிடிபட்டால் சிறை, படகும் போகும். அதனால் ஆபத்தில் தன் பங்கைக் குறைத்துக்கொண்டு, குறைத்ததைப் பயணியின் தலையில் வைத்துவிட்டுப் போகிறான். தண்டனை ஐந்தாண்டு என்றால் கரைக்கு ஒரு மைல் முன்னால் இறக்குவான். பத்தாண்டு ஆக்கினால் இரண்டு மைல் முன்னால் இறக்குவான். தண்டனை அவனைத் தொழிலிலிருந்து விலக்கவில்லை, கரையிலிருந்துதான் விலக்கியது. இடைப்பட்ட தூரத்தை இடுப்பளவு தண்ணீரில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கடப்பது யார் என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு படகு. 2019 ஜனவரியில் கேரளத்து முனம்பம் துறையிலிருந்து ஒரு மீன்பிடிப் படகு நியூசிலாந்து போவதாகக் கிளம்பியது. அதில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து போனவர்கள் இருந்தார்கள். தில்லி மதன்கிர்ப் பகுதித் தமிழ்க் குடியிருப்பிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்களும் இருந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். படகு போன பிறகு கரையில் கேட்பாரற்றுக் கிடந்த பைகளைப் பார்த்துத்தான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. பைகளில் துணிமணியும் மருந்தும் உலர்ந்த தின்பண்டமும் இருந்தன. இடம் போதாமல் விட்டுப்போனவை. அந்தப் படகு இன்றுவரை கிடைக்கவில்லை. ஆட்களும் கிடைக்கவில்லை.

ஒரு விமானம் காணாமல் போயிருந்தால் எத்தனை நாள் தேடியிருப்போம்! இவர்களுக்காக யார் கேட்டார்கள்? முதல் நாளே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டுப் பெண்கள். "என் புருஷன் களவாகப் படகேறினார், நான்தான் தோட்டைக் கழற்றிக் கொடுத்தேன்" என்று எந்தக் காவல் நிலையத்தில் ஒருத்தி சொல்ல முடியும்? சொன்னால் அவரும் குற்றவாளி, உதவிய தம்பியும் குற்றவாளி, அவளும் உடந்தை. கடுமையான சட்டம் ஏஜென்டின் வாயை அடைப்பதில்லை. அவனுக்குப் பேச வேண்டிய தேவையே இல்லை. சாட்சி சொல்ல வேண்டியவளின் வாயைத்தான் அடைக்கிறது. அவள் பேசாதவரை எந்த வழக்கிலும் பெரிய மீன் விழாது.

2021 ஜூனில் மங்களூரில் இலங்கைத் தமிழர் 38 பேரைப் பிடித்தார்கள். கனடா போகலாம் என்று பணம் வாங்கி, கடல் வழியாகத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்து, அங்கே கொண்டுபோய் விட்டிருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் என்று காவல்துறைக்கே தெரியும். ஆள்கடத்தல் பிரிவிலும் வழக்குப் போட்டார்கள். ஆனாலும் சிறைக்குப் போனவர்களில் அந்த 38 பேரும் உண்டு. ஒரே வழக்கில் அவர்கள் பாதிக்கப்பட்டவர்களாகவும் இருந்தார்கள், குற்றவாளிகளாகவும் இருந்தார்கள்.

இதற்கு அரசுப் பணத்தில் ஆகும் செலவை நாம் கேட்பதே இல்லை. பிடிக்கக் காவலர், அடைக்கச் சிறை, ஆண்டுக்கணக்கில் வாய்தா, சாப்பாடு, காவல், மருத்துவம். அதற்கு மேல் சிறப்பு முகாம் என்ற விசித்திரம். திருச்சி மத்தியச் சிறை வளாகத்துக்குள் இருக்கும் சிறப்பு முகாமைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். பிணை கிடைத்தவரையும், தண்டனையை முடித்தவரையும்கூட வெளிநாட்டினர் சட்டத்தின் பேரில் அங்கே வைக்கிறார்கள். தீர்ப்பில் முடிவுத் தேதி உண்டு. இந்த அடைப்புக்கு அது இல்லை. விடுதலை கேட்டு உள்ளே இருப்பவர்கள் பலமுறை உண்ணாவிரதம் இருந்திருக்கிறார்கள். ஒருவரை உள்ளே வைத்துச் சோறு போட அரசு செலவழிக்கிறது. அவர் உழைத்துக் காப்பாற்றிய குடும்பம் வெளியே வட்டிக்கு வாங்குகிறது. பிள்ளை படிப்பை நிறுத்துகிறது. இந்த மூன்றையும் கூட்டினால்தான் முழுச் செலவு. அரசு முதலாவதை மட்டும் தன் கணக்கில் எழுதுகிறது. மற்ற இரண்டும் அரைக்குயர் நோட்டில் இருக்கின்றன.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. ஆஸ்திரேலியா 2010இல், ஐந்து பேரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ படகில் கொண்டுவந்தால் குறைந்தது ஐந்தாண்டு சிறை என்று கட்டாயத் தண்டனையைக் கடுமையாக்கியது. நீதிபதி இரக்கப்பட்டாலும் குறைக்க முடியாது. சிறை நிரம்பியது. நிரப்பியவர்கள் முதலாளிகள் அல்லர். படகில் சமைக்கவும் சுக்கான் பிடிக்கவும் கூலிக்கு வந்த இந்தோனேசிய மீனவர்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து வயது வந்தவர் என்று முடிவுசெய்து பெரியவர்களின் சிறையில் போட்டதை அந்நாட்டு மனித உரிமை ஆணையமே 2012இல் கண்டித்து அறிக்கை எழுதியது.

கனடாவில் 2010 ஆகஸ்டில் 'சன் சீ' கப்பல் 492 ஈழத்தமிழரோடு கரைசேர்ந்தது. பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்தே அடைத்தார்கள். அந்தக் கப்பலைக் காட்டி 2012இல் கடுமையான சட்டம் ஒன்று வந்தது. 2015 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இரக்கத்தால் உதவியவரையும், குடும்பத்தாருக்கு உதவியவரையும், தப்பியோடும்போது ஒருவருக்கொருவர் கைகொடுத்தவரையும் கடத்தல்காரர் என்று சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. கப்பலில் சமைத்தவரும் காவல் இருந்தவரும் பயணிகள்தான் என்பதைப் புரிந்துகொள்ள அந்த நாட்டுக்கு ஐந்தாண்டு வழக்கு தேவைப்பட்டது. நாம் அந்த ஐந்தாண்டையும் மறுபடி முதலிலிருந்து செலவழிக்க வேண்டுமா?

பஞ்சாபும் 2012இல் ஆட்கள் கடத்தலைத் தடுக்கத் தனிச் சட்டம் போட்ட மாநிலம்தான். 2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானம் 104 இந்தியரைக் கொண்டுவந்து அமிர்தசரஸில் இறக்கியது. அவர்களில் பஞ்சாபிகளும் இருந்தார்கள். நிலத்தை விற்று 'டங்கி' வழியில் போனவர்கள். சட்டம் இருந்தது, வழியும் இருந்தது. விலை மட்டும் ஏறியிருந்தது.

கடலைத் தாண்டிப் போகிறவர்கள் முகாம்காரர்கள் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவிலும் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போன பெண்கள் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு தேறாத பெண், முப்பது வயது ஆகாமல், வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் போக அரசு அனுமதி தராது. 2016 முதல் அரசு சார்ந்த நிறுவனங்கள் வழியாக மட்டுமே போக வேண்டும் என்றும் விதி வந்தது. எல்லாம் அவளைப் பாதுகாக்கத்தான். இருபத்தாறு வயதில் புருஷன் விட்டுப்போய், இரண்டு பிள்ளைகளோடு நிற்கிறவள் முப்பது ஆகும்வரை காத்திருப்பாளா? விசிட் விசாவில் ஏஜென்ட் அனுப்புகிறான். அங்கே சம்பளம் தராமல் அடித்தாலும் தூதரகத்துக்குப் போகப் பயப்படுகிறாள், தான் வந்த வழி தப்பு என்பதால். நேபாளமும் இப்படித்தான் பெண்களுக்குப் பலமுறை தடை போட்டது. அவர்கள் நம் தில்லி, மும்பை வழியாகப் போனார்கள். கதவை அடைத்தால் பெண் வீட்டில் இருப்பாள் என்பது ஆண்களின் பழைய நம்பிக்கை. சட்டம் அதை இன்னும் விடவில்லை.

அப்படியென்றால் ஏஜென்டை விட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஓட்டைப் படகில் இருநூறு பேரை ஏற்றியவனையும், பெண்ணின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தவனையும், வழியில் அவள்மேல் கைவைத்தவனையும் நான் மன்னிக்கச் சொல்லவில்லை. மோசடி, உயிருக்கு ஆபத்து விளைவித்தல், வன்புணர்ச்சி, மனித வணிகம் எல்லாவற்றுக்கும் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மனித வணிகத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு குறைந்தது ஏழாண்டு தருகிறது. ஆண்டு போதவில்லை என்பது பிரச்சினையில்லை. பிடிபட வேண்டியவன் பிடிபடுவதில்லை என்பதுதான் பிரச்சினை. பிடிபடும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று கணக்குப் போடுகிறவனுக்கு ஏழாண்டும் ஒன்றுதான், இருபதாண்டும் ஒன்றுதான். நிச்சயமாகப் பிடிபடுவோம் என்றால் இரண்டாண்டே அவனை யோசிக்க வைக்கும். அந்த நிச்சயத்தைத் தரக்கூடியவள் ஒருத்திதான்: பணம் கட்டியவள். அவன் பெயர், வந்துபோன வண்டி, பணம் கைமாறிய கடை எல்லாம் அவளுக்குத் தெரியும். அவளைத்தான் நாம் முதல் குற்றவாளியாக நிறுத்துகிறோம்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை எளியவை. பயணப்பட்டவர்மீது, பயணப்பட்டதற்காக வழக்கு வேண்டாம். நாம் கையெழுத்திட்ட ஐ.நா. உடன்படிக்கையே, கடத்திக்கொண்டு வரப்பட்டதற்காக ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. உள்நாட்டுச் சட்டத்தின் பேரில் வேறு நடவடிக்கைக்கு அது விட்டுவைத்த சந்து வழியாகத்தான் நாம் அவளைச் சிறைக்கு அனுப்புகிறோம். அந்தச் சந்தை அடையுங்கள். காணாமல் போனவரைத் தேடித் தகவல் தரும் குடும்பத்தாரை உடந்தை என்று சேர்க்காதீர்கள். சிறப்பு முகாம்களை மூடுங்கள். உழைக்கப் போகும் பெண்ணுக்கு வயதைப் பார்க்காமல் நேரான வழியைத் திறந்து, போன இடத்தில் புகார் சொல்ல ஓர் இடமும் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நாற்பதாண்டாக முகாமில் வாழ்கிறவர்களுக்கும் அங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் குடியுரிமை கொடுங்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் அண்டை நாட்டு அகதிகளைப் பட்டியலிட்டபோது ஈழத்தமிழரை விட்டுவிட்டது. இந்த மண்ணிலேயே ஒரு வாழ்வு உண்டு என்று தெரிந்த பெயின்டர் ஏன் ஆஸ்திரேலியாவுக்குப் படகு தேடப்போகிறார்? ஏஜென்ட் விற்பது படகுப் பயணத்தை அல்ல. நாம் கொடுக்க மறுத்த காகிதத்தைத்தான் அவன் நரிக்குப் பரி வேடமிட்டு விற்கிறான்.

என் மாணவி இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள். மாதம் இரண்டு நாள் வகுப்புக்கு வருவதில்லை. அப்பாவைப் பார்க்க அம்மாவோடு போகிறாள். ஒருத்தி தனியாகப் போனால் மனு எழுதவும் வரிசையில் நிற்கவும் முடியவில்லை. வருகைப்பதிவேட்டில் அந்த நாட்களுக்கு நான் என்ன எழுதுகிறேன் என்பதை இங்கே சொல்ல மாட்டேன்.

அன்று கிளம்பும்போது அவள் அம்மா நோட்டை மூடிக்கொண்டே கேட்டார்: "இந்தக் கணக்கை ஆரிட்டக் குடுக்கிறது டீச்சர்?" எனக்குப் பதில் தெரியவில்லை. இதை வாசிக்கிற உங்களிடம் கொடுக்கிறேன்.